அருளப்பன், யோஹான்னெஸ்: தாத்தா பெயர் எந்த வழியாக வந்தது?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் இப்போது ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், கணவர் ஜெர்மானியர். நவம்பரில் முதல் குழந்தை. ஆணா பெண்ணா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. குடும்பப் பெயர் ஒன்று தொடர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அப்பாவைப் பெற்ற தாத்தா அருளப்பன், அவர் தம்பி சின்னப்பன், அம்மாவின் அப்பா சூசைமுத்து, பூட்டன் சந்தியாகு, ஆச்சி சவரியம்மாள். இணையத்தில் தேடினால் சூசை என்றால் அல்லிப்பூ என்கிறது ஒரு தளம். 'இந்திய மூலம், பொருள் இல்லை' என்கிறது இன்னொன்று. சவரி என்பது சபரியாம். பொருள் விளங்குகிற ஒரே தமிழ்ப்பெயர் அருளப்பன்தான், ஆனால் அதை இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. மாமியார் வீட்டில் யோஹான்னெஸ் அல்லது யோஹான்னா என்று வைக்கச் சொல்கிறார்கள். 'நம்ம குடும்பத்துல அப்படி ஒரு பேரே கிடையாதே' என்று அப்பா வருத்தப்படுகிறார். இந்தப் பெயர்களுக்கு உண்மையில் என்ன பொருள்? எதை, எப்படி வைக்கலாம்?

— வாசகி, ஷ்டுட்கார்ட்

பதில்: முதலில் அப்பாவின் வருத்தத்தைத் தீர்த்துவிடலாம். யோஹான்னெஸ் உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிற பெயர். உங்கள் தாத்தா அருளப்பனின் பெயரே அதுதான். மாமியார் வீட்டார் கேட்பதும் அப்பா கேட்பதும் ஒரு பெயரின் இரண்டு உருவங்கள். அது எப்படி என்று விளக்கினால் மற்ற நான்கு பெயர்களின் கதையும் தானே விளங்கிவிடும்.

ஒரு பெயர் வேறு மொழிக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒலியைத் தூக்கிக்கொண்டு போகலாம்; பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். உங்கள் ஊரிலேயே இரண்டுக்கும் சாட்சி நிற்கிறது. தூத்துக்குடிப் பெரிய கோவிலின் மாதாவைப் போர்ச்சுகீசியர் 'நோஸ்ஸா செஞ்ஞோரா தஸ் நேவிஸ்' என்றார்கள், அதாவது பனியின் அன்னை. ஒலி வழியே வந்தது தஸ்நேவிஸ். பொருள் வழியே வந்தது பனிமய மாதா. ஆகஸ்டு 5 திருவிழாவும் அன்னையும் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. ஆண்களுக்குத் தஸ்நேவிஸ் என்றே பெயர் வைக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அருளப்பன் பொருள் வழியே வந்தவர். மூலம் எபிரேய மொழியில் யோகனான். 'யாவே (எபிரேயரின் கடவுள்) அருள் கூர்ந்தார்' என்று பொருள். கிரேக்கத்தில் யோவான்னெஸ், லத்தீனில் யோஹான்னெஸ். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ஜான், பிரெஞ்சின் ழான், ஸ்பானிய ஹுவான், இத்தாலிய ஜியோவான்னி, ரஷ்ய இவான், ஐரிஷ் ஷான், ஸ்காட்லாந்தின் இயன், வேல்ஸ் பக்கத்து எவன், ஹங்கேரியின் யானோஷ், ஆர்மீனியாவின் ஹோவ்ஹானெஸ் எல்லாம் வந்தன. குர்ஆனில் வரும் யஹ்யாவும் இதே மனிதர்தான், திருமுழுக்கு யோவான். இத்தனையும் ஒலி வழி வந்தவை. வாயும் எழுத்தும் மாற மாற உருவம் தேய்ந்தது, பொருளும் அந்தந்த மொழிக்காரருக்குத் தெரியாமல் போயிற்று. ஜான் என்று பெயர் வைத்துக்கொண்ட ஆங்கிலேயருக்கு அதில் அருள் இருப்பது அகராதியைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வேலை செய்த சேசு சபைக் குருக்கள் பல இடங்களில் மறுவழியை எடுத்தார்கள். பெயரைப் பிளந்து பொருளைப் பார்த்து, அதைத் தமிழில் சொன்னார்கள். யோவான் அருளப்பர் ஆனார். போர்ச்சுகலிலிருந்து வந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். இத்தாலியரான கான்ஸ்டன்ஸோ பெஸ்கி தம் பெயரின் உறுதிப்பாட்டைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார்; பிற்பாடுதான் வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். அருளுக்குப் பதில் கருணை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் படித்த நினைவு வரலாம்.

அப்பாவிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் குழந்தைக்கு யோவான் என்று பெயரிட வேண்டும் என்று தாய் எலிசபெத்து சொல்கிறார். சுற்றத்தார், 'உன் உறவினரில் இந்தப் பெயர் உள்ளவர் யாருமில்லையே' என்று மறுக்கிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் செக்கரியா எழுதுபலகையை வாங்கி, 'இவன் பெயர் யோவான்' என்று எழுதிக் காட்டுகிறார். உங்கள் அப்பாவின் ஆட்சேபம் இந்தப் பெயரோடு கூடவே பிறந்தது.

சூசைக்கு வருவோம். அல்லிப்பூ என்று எழுதிய தளம் செய்தது எளிய தவறு: ஒலி ஒத்திருக்கிறது என்று சூசன்னாவோடு சேர்த்துவிட்டது. எபிரேய ஷோஷன்னாதான் அல்லி. அது சூசன், சூசன்னா, கேரளத்துச் சோசம்மா என்று போகும். சூசை அந்தக் குடும்பமே இல்லை. அது போர்ச்சுகீசிய ஜோசே, அதாவது யோசேப்பு. போர்ச்சுகீசியர் வாயில் அதன் முதல் மெய் 'மெஷர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வருகிற ஒலி. அழுத்தமில்லாத ஓகாரம் உகரமாகத் தேயும். அடுத்த மெய் 'ஜீப்ரா' என்பதன் முதலொலி. தமிழில் அந்த இரண்டு மெய்க்கும் கைவசம் இருந்தது சகரம்தான். ஈற்று ஏகாரம் ஐ ஆயிற்று. கிடைத்தது சூசை. ஸ்பானியர் வந்திருந்தால் அதே எழுத்துக்களை ஹொசே என்று வாசித்திருப்பார்கள். நமக்கு ஓசையப்பர் கிடைத்திருப்பார்!

ஒரே யோசேப்பு தென்னிந்தியாவில் எத்தனை உருவத்தில் உலவுகிறார் என்று பார்த்தாலே யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். சிரியாக் வழிபாட்டு மொழி வழியே வந்த கேரளக் கிறித்தவரிடம் ஔசேப்பு. முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் வழியே சூசை. விவிலிய மொழிபெயர்ப்பு வழியே சீர்திருத்தச் சபையாரிடம் யோசேப்பு. ஆங்கிலப் பள்ளி வழியே ஜோசப். அரபி வழியே முஸ்லிம்களிடம் யூசுப். பொருள் வழியே வளன். எபிரேயத்தில் யோசேப்பு என்றால் 'அவர் சேர்த்துத் தருவார், பெருக்குவார்'; தொடக்கநூல் 30:24இல் ராகேல், 'ஆண்டவர் எனக்கு இன்னொரு மகனைச் சேர்த்துத் தருவாராக' என்று சொல்லித்தான் அந்தப் பெயரை வைக்கிறாள். பெருக்கத்தை வளமாக்கி வளன் என்றார் வீரமாமுனிவர். தேம்பாவணியின் காப்பியத் தலைவனே வளன்தான். இன்றைக்கும் கோவில்களில் புனித வளனார் என்றும் சூசையப்பர் என்றும் இரண்டு பெயரும் புழங்குகின்றன. ஆகவே 'சூசைக்குப் பொருள் இல்லை' என்பது சரியல்ல. பொருள் உண்டு, தமிழ்ச் சொல்லில் இல்லை.

சின்னப்பன் நேர்வழி. லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர்; அதனால் திருத்தூதர் பவுல் தமிழில் சின்னப்பர். (மனமாற்றத்தின்போது சவுல் என்ற பெயரைப் பவுல் என்று மாற்றிக்கொண்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். திருத்தூதர் பணிகள் 13:9 சொல்வது 'பவுல் எனப்படும் சவுல்' என்பதுதான். யூத வீட்டுக்கு ஒன்று, உரோமைச் சமூகத்துக்கு ஒன்று என இரண்டு பெயரும் ஒருங்கே இருந்தன. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.) ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. சின்னப்பன் என்ற பெயர் இந்துக்களிடமும் உண்டு. அங்கே அது வெறும் சின்ன அப்பன். மருதமலை முருகன் பக்தரான சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் பவுல் இல்லை. அருள் என்று தொடங்கும் பெயர்களும் அப்படியே. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைச் சொல்ல முடியாது. குடும்பமும் ஊரும் பதிவேடும் சேர்ந்தால்தான் முடியும். உங்கள் வீட்டில் அண்ணன் அருளப்பன், தம்பி சின்னப்பன் என்று இருப்பதால் இருவரும் புனிதர் பெயர் தாங்கியவர்கள் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

சந்தியாகுவில் ஒரு வேடிக்கை. யாக்கோபு என்ற எபிரேயப் பெயர் லத்தீனில் யாகோபுஸ். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் அது யாகோ ஆனது. முன்னால் புனிதர் என்பதற்கான 'சந்த்' ஒட்டிக்கொண்டு சந்தியாகோ. அதைத்தான் நாம் சந்தியாகு என்றோம். எனவே 'புனித சந்தியாகப்பர்' என்று சொல்லும்போது புனிதர் இரண்டு முறை வருகிறார். ஒட்டில்லாத உருவமும் தமிழில் உண்டு, யாகப்பர். ஆங்கிலத்தில் இதே பெயர் ஜேம்ஸ். பிற்கால லத்தீனில் யாகோபுஸ் யாகோமுஸ் என்று திரிந்ததிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியரே பின்னாளில் சந்தியாகோவைத் தப்பான இடத்தில் வெட்டி, சான்-தியாகோ என்று பிரித்து, தியாகோ என்று தனிப்பெயர் ஆக்கிவிட்டார்கள். பிரேசில் கால்பந்து வீரர்களிடம் கேள்விப்படுகிற தியாகோ இதுதான். நம்மூர்த் தியாகராஜனைச் சுருக்கிக் கூப்பிடுகிற தியாகுவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர்த் தளங்கள் இந்த மாதிரி இடத்தில்தான் வழுக்கி விழும்.

சவரியம்மாள்தான் இந்த ஐந்திலும் நெடுந்தூரம் பயணம் செய்தவர். சவரி என்பது சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரில் சவேரியார் என்ற பகுதி ஆள்பெயரே அல்ல, ஊர்ப்பெயர். ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தப் பகுதியின் பாஸ்கு மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. எச்சேபெர்ரி தேய்ந்து சபியெர், ஸ்பானியத்தில் ஹவியெர், தமிழில் சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள். எச்செவெரியா என்ற பாஸ்குக் குடும்பப் பெயர் இதற்கு உடன்பிறப்பு. பொருள்: புதுவீடு. ராமாயணத்துச் சபரியோடு இதை முடிச்சுப் போடுவது ஒலியை மட்டும் கேட்டதால் வந்த வினை.

தளங்கள் ஏன் இப்படி எழுதுகின்றன? 'பொருள்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் பார்க்க நன்றாக இராது என்று எதையாவது நிரப்புகிறார்கள். ஒன்று நிரப்பியதை நூறு தளங்கள் நகலெடுக்கின்றன. நீங்கள் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த மொழி? அந்த மொழியில் எந்தச் சொல்? அங்கிருந்து இங்கே எந்த வழியாக வந்தது? 'இந்திய மூலம்' என்று எழுதும் தளம் முதல் கேள்வியிலேயே தோற்றுவிட்டது. இந்தியம் என்று ஒரு மொழி இல்லை. நல்ல அகராதி சில பெயர்களுக்குப் பொருள் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும். அந்தோணி அப்படிப்பட்டது. அந்தோனியுஸ் என்பது பழைய உரோமைக் குடிப்பெயர். பழைய இத்தாலியில் பேசிய எத்ருஸ்க மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல ஆதாரமில்லை. 'மலர்' என்பது கிரேக்க அந்தோஸ் என்ற சொல்லோடு பின்னால் ஒட்டவைத்தது. அந்த ஒட்டுதான் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'எச்' நுழையக் காரணம். 'விலைமதிப்பற்றவர்' என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

தவறே பெயராக நிலைத்ததும் உண்டு. மரியாள் என்ற பெயருக்கு எபிரேயத்தை வைத்து விளக்கம் சொன்ன, விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் 'ஸ்டில்லா மாரிஸ்' என்று எழுதினார், கடல்துளி. படியெடுத்தவர்கள் கையில் அது 'ஸ்டெல்லா மாரிஸ்' ஆகிவிட்டது, கடல் விண்மீன். இதுவே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். ஓர் எழுத்து மாறியதில் மாதாவுக்கு ஒரு பட்டம், உலகமெங்கும் கோவில்கள், சென்னையில் ஒரு கல்லூரி, தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ ஸ்டெல்லாக்கள். ஆகவே உங்கள் ஒன்றுவிட்ட அக்கா யாராவது ஸ்டெல்லாவாக இருந்தால் பிழையான பெயர் என்று அவரிடம் சொல்லப் போகாதீர்கள். பல நூற்றாண்டு புழக்கத்துக்குப் பின் அதன் பொருள் விண்மீன்தான்.

இனி நவம்பருக்கு வருவோம். பெயர்மூலத்தில் யோஹான்னெஸ் என்றாலே அருளப்பன்தான் என்றாலும், அந்தப் பதில் மட்டும் அப்பாவுக்குப் போதாது. வேர்ச்சொல் ஒன்று என்பதற்காக 'ஏ, யோஹான்னெஸ்' என்று கூப்பிடும்போது அவருக்குத் தன் அப்பா நினைவு வராது. அருள் என்ற ஒலி காதில் விழ வேண்டும். அதனால் என் பரிந்துரை இரண்டு பெயர்: ஆணானால் யோஹான்னெஸ் அருள், பெண்ணானால் யோஹான்னா அருள். அருள் தமிழில் இருபாலுக்கும் பொது. அருளப்பன் என்று முழுசாக வைத்தால் அப்பன் என்ற ஈறு பெண்ணுக்குப் பொருந்தாது; ஆணுக்கும் ஜெர்மன் படிவங்களில் அது குடும்பப் பெயர் போலவே தோன்றும்.

பெண்ணாக இருந்து யோஹான்னா நீளம் என்று பட்டால் ஹன்னா போதும். எபிரேய ஹன்னாவும் யோகனானும் ஒரே வேரில் முளைத்தவை, இரண்டிலும் அருள் இருக்கிறது. ஜெர்மனியில் ஹன்னா என்பதை யோஹான்னாவின் சுருக்கமாகவும் வைப்பார்கள். நம்மூர் அன்னம்மாளும் இந்தக் கிளைதான். உரோமையை நடுங்க வைத்த கார்த்தேஜின் ஹானிபலின் பெயரிலும் இதே வேர்தான். தெய்வம் மட்டும் வேறு: 'பாஅலின் அருள்'.

'ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரை ஜெர்மனியில் ஏற்கமாட்டார்களே' என்று யாராவது பயமுறுத்தினால் அது பழைய கதை. 2008 டிசம்பர் 5 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கே ஓர் இந்தியப் பெயரைப் பற்றியது: கிரண். பெண் குழந்தைக்குக் கிரண் என்று மட்டும் வைக்க முடியாது, பாலினம் காட்டும் இன்னொரு பெயரும் வேண்டும் என்று பதிவு அலுவலகம் மறுத்திருந்தது. பெயரில் பாலினம் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, குழந்தையின் நலனுக்குக் கேடு வந்தால் மட்டுமே மறுக்கலாம் என்றது நீதிமன்றம். அருளுக்கு அந்தத் தீர்ப்பே துணை. அது ஆள்பெயர்தானா என்று பதிவாளர் கேட்கக்கூடும். அப்போது லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனைப் பிரிவில் கட்டணம் கட்டி எழுத்துச் சான்று வாங்கலாம். பேறுகாலத்துக்குப் பிறகு அலையாமல் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பை ஒரு வாரத்துக்குள் ஸ்டாண்டஸ்ஆம்ட்டில், அதாவது குடிமைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் அதைச் சொல்ல ஒரு மாதம் வரை அவகாசம். தமிழ்நாட்டில் பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் அதற்குமேல் தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்க முடிவதால், நம் வீட்டுப் பெரியவர்கள் 'மெதுவா வைக்கலாம்' என்பார்கள். அங்கே அது நடக்காது. அப்பாவிடம் இந்த ஒரு மாதக் கணக்கை இப்போதே சொல்லிவையுங்கள்.

இரண்டு பெயருக்கும் நடுவே சிறுகோடு போடாதீர்கள். கோடு போட்டால் சட்டப்படி அது ஒரே பெயர். எல்லாப் படிவத்திலும் முழுசாக எழுத வேண்டும், பின்னால் பிரிக்கவும் முடியாது. கோடில்லாமல் தனித்தனியாக இருந்தால், 2018 நவம்பரிலிருந்து வந்த விதிப்படி வரிசையைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்து அருள் என்றே அழைக்கப்பட விரும்பினால் அதை முன்னால் கொண்டுவர வழி திறந்திருக்கும். பெயரையோ எழுத்துக்கூட்டலையோ மாற்றுவது அப்படியல்ல. தகுந்த காரணம் காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு. முதலில் பதிகிற எழுத்துக்கூட்டல்தான் பாஸ்போர்ட்டுக்குப் போகும், அங்கிருந்து வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கும் போகும்.

எழுத்துக்கூட்டல் என்றதும் ஊரிலிருந்து எண்கணித யோசனைகள் வரும்: முன்னால் ஓர் 'ஏ' கூட்டு, பின்னால் ஓர் 'எல்' கூட்டு என்று. ஜெர்மானியர் எழுதியதை எழுதியபடியே வாசிப்பவர்கள். இரட்டை 'ஏ' என்றால் ஆ என்று நீட்டுவார்கள். இரட்டை மெய் வந்தால் முன்னுள்ள உயிரைக் குறுக்குவார்கள். ஏ-ஆர்-யு-எல் என்று நான்கே எழுத்து போதும். முதல் அசையை அழுத்தி, ரகரத்தைத் தொண்டையில் உருட்டி, 'ஆருல்' என்பது போலச் சொல்வார்கள். அதற்குமேல் கெடாது.

மற்ற பெயர்களை ஏன் சொல்லவில்லை என்றால் அவற்றுக்கு ஆளுக்கொரு சிக்கல். வளன் அழகான பெயர். ஆனால் 'வி' என்ற எழுத்தை ஜெர்மனில் சில சொற்களில் ஃப என்றும் சிலவற்றில் வ என்றும் படிப்பார்கள், 'ஃபாலன்' ஆகும் அபாயம் உண்டு. 'டபிள்யூ' போட்டால் அங்கே சரியாக இருக்கும், ஆங்கில நாட்டில் கெடும். சின்னப்பனில் முதல் எழுத்தே தகராறு: 'சிஎச்' போட்டால் தெற்கே க, வடக்கே வேறு ஒலி, சீனாவின் பெயரையே அவர்கள் வட்டாரத்துக்கு ஒரு மாதிரிதான் சொல்கிறார்கள். பவுல் என்று வைத்தால் சிக்கலே இல்லை, தமிழ் விவிலிய ஒலிப்பும் ஜெர்மன் ஒலிப்பும் ஏறக்குறைய ஒன்று. சூசையை அங்கே ஸூஸி என்ற பெண்பெயரோடு குழப்புவார்கள். ஆனால் பொது ஜெர்மன் ஒலிப்பில் உயிருக்கு முன் வரும் சொல்முதல் 'எஸ்' அதிர்வொலி என்பதால், தமிழில் தொலைந்துபோன பழைய போர்ச்சுகீசிய ஒலியில் பாதி திரும்பக் கிடைக்கும்! தாய்வழித் தாத்தாவையும் விட மனமில்லை என்றால் யோசெஃப் மூன்றாவது பெயராக இருக்கட்டும். ஐந்து வரை அங்கே பொதுவாக ஏற்பார்கள். நான் மூன்றோடு நிறுத்துவேன். பெண்ணுக்கு அருள்மொழி என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் வேண்டாம் என்பேன். ழகரத்துக்கு நாம் போடும் 'இசட் எச்' அங்கே 'ட்ஸ்' என்று ஒலிக்கும்.

அப்பாவின் பெயரை இனிஷியலாக முன்னால் போடுவது ஜெர்மன் பதிவில் கிடையாது. குடும்பப் பெயர் தனிக்கட்டம். ஓர் எழுத்தைப் பெயராக எழுதிவிட்டுப் பின்னால் அவஸ்தைப்படாதீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு அருள் என்ற பெயர் தடையில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 855ஆம் விதியில், கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக இருந்தது: பெற்றோர் புனிதர் பெயர் வைக்காவிட்டால் பங்குக்குரு ஒன்றைச் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் தாத்தா காலத்தில் அந்தச் சட்டம்தான் இருந்திருக்கும். எனவே வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, ஏட்டில் இருப்பது வேறொன்று என்பது நடக்கக்கூடியதே.

அதனால் பெயரை முடிவு செய்யுமுன் ஊர்ப் பங்குத்தந்தைக்கு எழுதி, தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் கேளுங்கள். பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், தெரிந்தால் ஞானப்பெற்றோர் பெயர், இவ்வளவும் எழுதினால் தேடுவது எளிது. பழைய ஏடுகள் பலவற்றில் பெயர் லத்தீனில் இருக்கும். 'யோவான்னெஸ்' என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பலாம். எந்த யோவான் என்பதையும் ஞானஸ்நானத் தேதியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: ஜூன் 24ஐ ஒட்டி இருந்தால் திருமுழுக்கு யோவான், டிசம்பர் 27ஐ ஒட்டி இருந்தால் நற்செய்தியாளர் யோவான், பிப்ரவரி 4ஐ ஒட்டி இருந்தால் அருளானந்தர். ஏட்டில் வேறு புனிதர் பெயர் இருந்தால் அந்தப் பெயரையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். அருளை இரண்டாம் பெயராக அப்படியே வைத்துக்கொண்டு முதல் பெயரை மட்டும் மாற்றி யோசிப்போம்.